புலிக்கு வைத்த பொட்டு

கலசப்பாக்கத்தில் இருக்கும் என் எலெக்ட்ரிக்கல் கடையில், சீலிங் ஃபேன்களுக்கும் டியூப் லைட்டுகளுக்கும் நடுவே ஓர் ஆணியில் மூங்கில் முறம் ஒன்று தொங்குகிறது. பழைய முறம். விளிம்பில் ஓரிடம் கருகி, உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துக் கிடக்கும். ஒயர் வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, முறமும் விக்கிறீங்களா? இன்னா வெல?" என்று கேட்பது வழக்கம். விற்பதற்கில்லை என்றாலும் விடமாட்டார்கள். கருகிப்போனதை எதற்கு மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். கடையில் கூட்டம் இருந்தால் சிரித்து மழுப்பிவிடுவேன். கூட்டம் இல்லையென்றால் கேட்டவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். என் அண்ணியைப் பற்றி முழுக்கச் சொல்லி முடிக்காமல் அவரை நான் அனுப்புவதில்லை.

அண்ணி என்றால் என் மூத்த அண்ணனின் மனைவி. ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு வாழ வந்தவர். சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார், கோபம் வந்தால் எதிர்மலைக்குக் கேட்கும். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது ஊர் அண்ணியை நிறுத்தியது, அண்ணன் பின்னால் இருந்து பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான். ஜெயித்த மறுநாள் அண்ணன் அலுவலக நாற்காலியில் லேசாக உட்கார்ந்து பார்த்தார். "அது எனுக்குக் குடுத்த நாற்காலி. நீ போய் மாட்ட அவுத்துக் கட்டு" என்று அண்ணி சொன்னதை வெளியே நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அண்ணன் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து ஊரில் யாருக்கும் யார் தலைவர் என்ற சந்தேகம் வந்ததில்லை.

அண்ணி ஓட்டுக் கேட்டது ஒரே ஒரு சொல்லை வைத்து: வெளிச்சம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பாதை புளியந்தோப்பு வழியாக வளைந்து வரும். நாவல் பழம் பழுக்கும் காலத்தில் அந்தப் பக்கம் கரடி இறங்கும். ஒரு வருஷம் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் தோளை அது கிழித்துப் போட்டது. அதிலிருந்து சாயங்கால பஸ்ஸில் சந்தை முடித்து இறங்கும் பெண்கள், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகத்தான் வீடு வந்து சேர்வார்கள். அண்ணியும் தலைச்சுமையோடு அப்படி ஓடி வந்தவர்தான். அதனால் அவர் கேட்ட வெளிச்சம் மேடைக்குச் சொன்ன வார்த்தை இல்லை. பஸ் நிற்கும் இடத்தருகே ஓர் உயர்கோபுர மின்விளக்கு வேண்டும் என்று பதவியேற்ற உடனே மனுக் கொடுத்தார். ஊரில் அதற்கு ஹைமாஸ் என்று பெயர். அடிவாரத்து ஊர்களில் அது நிற்பதைப் பார்த்து எங்களுக்கெல்லாம் ஏக்கம்.

புளியந்தோப்பு முடிகிற இடத்தில் ஒரு பாறை மேடு உண்டு. அதன் மேல் பலகைக் கற்களைச் சுவர்போல் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிய சின்னச் சின்னக் கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. எப்போதோ செத்தவர்களுக்காக எப்போதோ வாழ்ந்தவர்கள் எழுப்பியவை. நாங்கள் வாலியர் வீடு என்போம். குள்ள மனிதர்கள் கட்டி வாழ்ந்தார்கள் என்பது எங்கள் கதை. மேட்டின் அடியில் வேடியப்பன் நிற்கிறார். இடுப்புயர நடுகல். வீரன் ஒருவன் புலியோடு முகத்துக்கு முகம் நின்று அதைக் கத்தியால் குத்துகிறான். செதுக்கல் மிகவும் மெல்லியது. காலம் பாதியைத் தேய்த்துவிட்டது, எண்ணெயும் மஞ்சளும் மீதியை மூடிவிட்டன. சாமை அறுப்பு முடிந்ததும் பொழுது சாயும் நேரத்தில் அங்கே பொங்கல் வைப்போம். கல்லின் இடப்பக்கம் தரையில் ஓர் அகல் எரியும். ஏன் இடப்பக்கம், ஏன் தரையில் என்று யாரும் கேட்டதில்லை.

அண்ணி தலைவரான முதல் வருஷப் பொங்கலுக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார். "தம்பி, இந்த வருசம் வேடியப்பன் தகதகன்னு இருக்கணும். கல்யாணத்துக்குப் போடுவாங்களே, அந்த போக்கஸ் லைட்டு, அத்த எடுத்துக்கினு வா." நானும் கீழிருந்து ஜெனரேட்டரோடு பெரிய ஹாலஜன் விளக்கு ஒன்றைக் கொண்டுபோய், கல்லுக்கு நேர் எதிரே கம்பத்தில் கட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ஊரே கைதட்டியது. வெள்ளை வெளிச்சம் மேட்டையே முழுங்கியது. அண்ணியின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

பூசாரி கல்லைக் கழுவி, எண்ணெய் தடவி, சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு குனிந்தார். அவர் நிழலே கல்லின் மேல் விழுந்தது. நகர்ந்து நின்றார். இப்போது எண்ணெய் பளபளத்துக் கண் கூசியது. செதுக்கிய கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. வெறும் கல். தடவித் தடவிப் பார்த்து, ஒரு முகத்தைக் கண்டுபிடித்து, பெரிதாகப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டார். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயையோ, புலிக்கு வெச்சிட்டீங்களே!" என்று அலறினார்.

சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் கூட்டம் திகைத்தது. எதிர்த்து நின்று தோற்ற முன்னாள் தலைவர், அண்ணிக்கு மாமா முறை, கிடைத்தது வாய்ப்பு என்று ஆரம்பித்தார்: "மின்ன இருட்டுல இருந்தப்ப சாமி சாமியா இருந்தாரு. வெளிச்சம் வந்துதே, புலி சாமியாயிடுச்சு!" பூசாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தினி வருசத்துல கை தவறினதே இல்ல தலைவரம்மா. யாரு மேல வெச்சேன்னு எனுக்கே தெரியலியே" என்றார்.

அண்ணிக்கு ஆத்திரம் என்மேல் இல்லை, விளக்கின் மேல். பொங்கலுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து முறத்தைப் பிடுங்கி, "கண்ண அவிக்குது, மொதல்ல அத்த மறைக்கிறேன்" என்று விளக்கின் முகத்தில் வைத்தார். வெள்ளை வெளிச்சம் மறைந்ததும், இடப்பக்கம் தரையில் எரிந்த அகலின் வெளிச்சம் தாழ்வாக, பக்கவாட்டில் கல்லின் மேல் விழுந்தது. அடுத்த நொடி கல்லிலிருந்து வேடியப்பன் எழுந்து வந்தார். தோள், கொண்டை, கத்தி பிடித்த முஷ்டி, புலியின் திறந்த வாய், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புடைத்துக்கொண்டு நின்றன. முறம் கருகும் வாசனை வந்த பிறகும் அண்ணி கையை எடுக்கவில்லை. "தம்பி, பாத்தியா" என்றார் மெதுவாக. அண்ணி மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். நேராக அடித்தால் கல் வெறும் கல்தான். பக்கத்திலிருந்து பட்டால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் விழுகிறது, அந்த நிழல்தான் உருவம். தொழில் படித்த எனக்கும் அது அன்றுதான் உறைத்தது.

சில மாதங்கள் கழித்து அண்ணியின் மனு பலித்தது. ஒன்றியப் பொறியாளர் நல்ல செய்தியோடு மலையேறி வந்தார். உயரமான இடம் என்று அவர் கை காட்டியது வாலியர் வீடுகளுக்கு நடுவே இருக்கும் பாறையை. அண்ணி மேட்டையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வேணாம் சார்" என்றார்.

"அம்மா, நீங்கதானே கேட்டீங்க? கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமா சார். கேட்டதும் நான்தான். பாத்துட்டு வேணாங்கறதும் நான்தான். எனுக்குப் பாதைல வெளிச்சம் வேணும், மேட்டு மேல வேணாம்."

இதே மலையில் வானத்தை ஆராயும் காவலூர் தொலைநோக்கிக்கு வெளிச்சம் இடைஞ்சல் என்று யாராவது சொன்னார்களா என்று அவர் கேட்டார். "அவங்க பாக்கற வானம் எங்களுக்கும் மேலதான சார் இருக்குது" என்றார் அண்ணி. பொறியாளர் கெட்டவர் அல்ல. ஆனால் அவர் கை கட்டப்பட்டிருந்தது. ஊர்க் கூட்டம் கூடி மாற்றித் தீர்மானம் போட்டால் சோலார் தெருவிளக்காகக் கேட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் கோபுரம், அதுவும் வேண்டாமென்றால் ஒன்றுமே இல்லை என்றார். மறுநாளே முன்னாள் தலைவர் வீடு வீடாகப் போய்விட்டார். வெளிச்சம் தருகிறேன் என்று ஓட்டு வாங்கியவள் வந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறாள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? பெண்களே அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தோளில் தழும்போடு இருந்த அந்த அக்காகூட, "உனுக்கு கல்லு பெரிசா, நாங்க பெரிசா?" என்று கேட்டுவிட்டார். அண்ணிக்கு அது சுருக்கென்று தைத்தது. தோற்றால் பதவி போவது பெரிதில்லை, அந்தப் பாதை இருட்டாகவே கிடந்துவிடுமே என்றுதான் பதறினார்.

"தம்பி, வாயால சொன்னா ஏறாது. கண்ணுல காட்டணும்" என்று என்னிடம் வந்தார். அந்தக் கருகிய முறத்தை மாதிரிக்கு அவரிடமே வாங்கி வைத்துக்கொண்டு, எண்ணெய் டின்களை வெட்டி, அதே போல வளைத்து, சின்ன எல்இடி பல்புகளுக்கு மூடி செய்தேன். மேலேயும் எதிரேயும் வெளிச்சம் போகாது, தரையில் மட்டும் விழும். மஞ்சள் பல்புகளாகப் பார்த்து எடுத்தேன். பாட்டரியோடு மூங்கில் கழிகளில் கட்டிப் பாதையோரம் நட்டேன். கோபுர விளக்கு எப்படி இருக்கும் என்று காட்ட, அந்தப் பழைய போக்கஸ் விளக்கையே உயரமான கம்பத்தில் மேட்டில் ஏற்றினேன். கூட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் வைக்காமல், விளக்கு வைக்கும் நேரத்தில், புளியந்தோப்பு முனையில் வைத்தார் அண்ணி. பொறியாளரும் வந்திருந்தார்.

முதலில் பெரிய விளக்கைப் போடச் சொன்னார். பழையபடி கைதட்டல். முன்னாள் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணி அவரைப் பார்த்து, "மாமா, உங்க காளை எங்க நிக்குது, சொல்லுங்க பாப்போம்" என்றார்.

"என் காளை வூட்ல நிக்குது."

"இல்ல. உங்க மருமவள கேட்டு நான்தான் புடிச்சாந்து இங்க கட்டி வெச்சிருக்கேன். எங்கன்னு காட்டுங்க."

அவர் நெற்றியில் கையை வைத்துத் தேடினார். கூட்டமும் தேடியது. கண்ணில் அடிக்கும் வெள்ளை வெளிச்சத்துக்கு அப்பால் தோப்பு கன்னங்கரேல் என்று இருந்தது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அசடு வழிய நின்றபோது, கிட்டத்திலேயே இருட்டுக்குள்ளிருந்து காளை ஒரு செருமல் செருமியது. சிரிப்பு வெடித்தது. சிரிக்காதவர் அந்த அக்கா ஒருவர்தான். தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்த எடத்துல கரடி நின்னிருந்தா?" என்றார். சிரிப்பு அப்படியே அடங்கியது.

அண்ணி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பெரிய விளக்கை அணைத்துச் சின்ன விளக்குகளைப் போட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, முணுமுணுப்பு எழுந்தது. பிறகு கண் பழகப் பழகப் பாதை தெரிந்தது. பாதையோரப் புல் தெரிந்தது. புளிய மரங்களின் அடி தெரிந்தது. இரண்டாவது மரத்தடியில் வெள்ளைக் காளை எங்களையே பார்த்துக்கொண்டு அசைபோட்டது. மேலே நிமிர்ந்தால், மேற்கே மிச்சமிருந்த வெளுப்பில் வாலியர் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்பாக நின்றன. அவற்றின் மேல் நட்சத்திரங்கள் வந்துகொண்டிருந்தன. தினமும் இருந்ததுதான். ஆனால் பயந்து ஓடியே பழகிய அந்தப் பெண்கள் அதை நின்று பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

முன்னாள் தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சரி, என் மாடு தெரியுது" என்று கையைத் தூக்கினார். அதற்குப் பிறகு தூக்காத கையே இல்லை. பொறியாளர் டின் மூடியைக் கழற்றிப் புரட்டிப் பார்த்து, "இத்த டிராயிங்ல எப்படிங்க காட்டறது?" என்றார். "முறம்னு எழுதுங்க சார்" என்றார் அண்ணி. பொறியாளர் அலைந்து திரிந்துதான் அந்தத் திட்டத்தை மாற்றி வாங்கித் தந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விளக்குகள் வந்தன. பாதை முழுக்க, குனிந்த தலையோடு, பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் தரையை மட்டும் பார்க்கும் விளக்குகள். சாயங்கால பஸ்ஸில் இறங்கும் பெண்கள் இப்போது ஓடுவதில்லை. பேசிக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, நிதானமாக வருகிறார்கள். அந்த வருஷப் பொங்கலில் வேடியப்பனுக்கு இடப்பக்கம் தாழ்வாக ஒரே ஒரு விளக்கு. பூசாரி தயங்காமல் வீரனின் நெற்றியில் பொட்டு வைத்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, மறுபடி சந்தனத்தைத் தொட்டு, புலிக்கும் ஒன்று வைத்தார். கூட்டம் பதறியது. அவர் திரும்பி, "இந்தத் தரம் தெரிஞ்சேதான் வெச்சேன், தலைவரம்மா" என்றார். அண்ணியின் சிரிப்பு நிச்சயம் எதிர்மலைக்குக் கேட்டிருக்கும்.

அண்ணி இப்போது தலைவர் இல்லை. ஆனால் புலிக்குப் பொட்டு நிற்கவில்லை. இந்த வருஷமும் பூசாரி வாயெடுப்பதற்குள், "தெரிஞ்சேதான் வெச்சேன்!" என்று ஊரே கத்தியது. மலையில் இன்னும் சில ஊர்கள் அதே மாதிரி விளக்குக் கேட்டு வாங்கியிருக்கின்றன. இந்த வருஷப் பொங்கல் அரிசி புடைக்க அண்ணி என் கடைக்கு வந்து, ஆணியிலிருந்து அந்த முறத்தைக் கேட்காமலே கழற்றி எடுத்துப் போனார். வீட்டில் வேறு முறமே இல்லையா என்று அண்ணன் கேட்டதற்கு, இருக்கிறது, ஆனால் இதுதான் வேண்டும் என்றாராம். பொங்கல் முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது பின்னலில் சாமை ஒட்டியிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் இதற்கு விலை கேட்டு உயிரை எடுக்கிறார்கள் அண்ணி, என்ன சொல்வது என்று கேட்டேன்.

"வெல சொல்லாத" என்றார். "எப்படிப் புடிக்கணும்னு சொல்லு."