ஆறு மணிக் கொடி

பார்வையாளர்களுக்கான அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மகள் அனுப்பியது. ஒரே பக்கம், ஒன்பது குறிப்புகள். ஏழாவது, கொடியைப் பற்றியது. எக்காளம் கேட்டால் நடப்பவர்கள் நிற்கவேண்டும். கொடியின் பக்கம் திரும்பவேண்டும். ஆண்கள் தொப்பியைக் கழற்றவேண்டும். பேசக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. ஒலி ஓய்ந்ததும் போகலாம். காலையில் ஏற்றம், மாலையில் இறக்கம் என்று இருந்ததே தவிர, எத்தனை மணிக்கு என்று போடவில்லை.

நேரம் இல்லாத குறிப்பைக் கண்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். கொடி அஸ்தமனத்தில் இறங்கும் என்று எத்தனையோ புத்தகங்களில் வாசித்திருக்கிறேன். கோயிலில் தரும் லண்டன் நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். செப்டம்பர் முதல் சனிக்கிழமைக்கு அஸ்தமனம் ஏழு முப்பத்தாறு.

"ஏழரைக்குப் பிறகுதான். அதுக்கு முதல் நாங்கள் டிராமில இருப்பம்" என்று மனைவிக்குச் சொன்னேன்.

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ரெண்டு தரம் பாத்தனான்."

எங்கள் மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை செய்கிறாள். இரண்டு வருடங்களுக்கு முன் இந்த நாட்டு ஆமியின் பகுதிநேர மருத்துவப் பிரிவில் சேர்ந்தாள். அன்று அவள் தாய் சொன்னது ஒரே பேச்சுத்தான்: "நீ என்ர பிள்ளை. ஆனா அந்த உடுப்போட என்ர வாசலுக்கு வரக்கூடாது." மகள் வரவில்லை. பயிற்சி முடிந்து லண்டனில் மிச்சம் என்ற இடத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களில், பஸ் நிலையக் கழிப்பறையில் உடை மாற்றிவிட்டு வருவாள். இது தாய்க்கும் தெரியும்.

குடும்பத்தினரை முகாமுக்கு அழைக்கும் நாள் வந்தபோது, மகள் தாயை வரச்சொல்லி இரண்டாம் முறையாகக் கேட்டாள். மனைவி நெடுநேரம் அரிசி களைந்துகொண்டு நின்றாள். பிறகு, "ஒருக்கா வாறன். அங்க எனக்குப் பயம் வந்துதெண்டா, ஒருநாளும் திரும்பக் கேக்கக்கூடாது" என்றாள். மகள் ஓம் என்றாள். ஒரு மாலைப்பொழுதில் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

மனைவியின் பயத்துக்குக் காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். யாழ்ப்பாணத்தில் அவள் ஊர்ச் சந்தியில் ஆமிக் காம்ப் இருந்தது. மாலை ஆறு மணிக்குக் கொடி இறங்கும். காவலாளி விசில் ஊதினால் தெருவில் போகிறவர்கள் அத்தனை பேரும் இறங்கி, அடையாள அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கவேண்டும். ஒரு நாள் அவளுடைய தமையனின் சைக்கிள் பிரேக் பிடிக்கவில்லை. பின் கரியரில் இருந்தவள் இவள். சைக்கிள் பத்து முழம் கூடுதலாக ஓடிவிட்டது. தமையனை உள்ளே கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். வலது கை அதன்பிறகு நிமிரவில்லை.

மகளின் முகாம் வாசலில் படம் போட்ட அடையாளப் பத்திரம் ஒன்று காட்டினால் போதும். மனைவி கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், கவுன்சில் கடிதம், காஸ் பில் எல்லாம் கொண்டுவந்திருந்தாள்.

"காஸ் பில் எதுக்கப்பா?" என்றேன்.

"ஆமியிட்டப் போறதெண்டா எல்லாம் இருக்கவேணும்."

உள்ளே தேநீரும் கேக்கும் இருந்தன. பிள்ளைகள் ஆம்புலன்சில் ஏறி இறங்கி விளையாடினார்கள். மகள் சீருடையில் வந்து தாயின் முன் நின்றாள். தாய் அவள் காலிலிருந்த சப்பாத்தை மட்டும் பார்த்தாள். "நல்லா மினுக்கியிருக்கிறாய்" என்றாள். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் கையைத் தொட்டு, "போவம்" என்றாள்.

மகள் வழியனுப்ப வந்தாள். வாசலுக்கு இருபது அடி இருக்கும்போது எக்காளம் ஒலித்தது.

வெயில் இன்னும் சுவர்களில் இருந்தது. என் மனம் ஏழு முப்பத்தாறு, ஏழு முப்பத்தாறு என்று அடித்துக்கொண்டது. அப்போதுதான் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் ஆறு மணியும் அஸ்தமனமும் ஏறக்குறைய ஒன்று. அங்கே பழகிய மனம் இரண்டையும் பிரித்துப் பார்க்கவே இல்லை. இந்த முகாமில் கொடி சூரியனைப் பார்த்து இறங்குவதில்லை, மணிக்கூட்டைப் பார்த்து இறங்குகிறது.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். நானும் கொடியின் பக்கம் திரும்பிவிட்டேன். தொப்பியைக் கழற்றவேண்டும். வாசலில் துவக்கோடு காவலாளி ஒருவர் நின்றார். துவக்குக்கு முன்னால் கையைச் சடாரென்று உயர்த்தக்கூடாது என்பது இருபது வயதுக்கு முன்பே உடம்பில் ஏறிய பாடம். ஏழாவது குறிப்பு முழுவதும் மனப்பாடம். கை மட்டும் வரவில்லை.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. மனைவி கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். அது நடுங்கியது. அவள் கொடிக்கு முதுகு காட்டி மகளைப் பார்த்தபடி நின்றாள். மகளோ கொடியை நோக்கிச் சல்யூட் அடித்தபடி. அந்த நிலையில் அவள் தலையைத் திருப்ப ஏலாது. ஒரு சொல் பேச ஏலாது. தாய் நடுங்குவது அவள் கடைக்கண்ணுக்குத் தெரிந்திருக்கும். காவலாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களால் பிள்ளைக்கு என்ன வரப்போகிறதோ என்று நினைத்தேன். இனி மனைவி இந்தப் பக்கம் வரவே மாட்டாள் என்றும் நினைத்தேன்.

ஒலி நின்றது. மகள் கையை இறக்கினாள். காவலாளி எங்களை நோக்கி நடந்து வந்தார். மனைவி கடவுச்சீட்டை நீட்டினாள்.

அவர் தலையை அசைத்து, எங்கள் கழுத்தைக் காட்டினார். பார்வையாளர் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டுமாம். அவ்வளவுதான். என் தொப்பியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் தலையில்தான் இருந்தது.

"அம்மா, சாரி. டைம் சொல்ல மறந்துட்டன்" என்றாள் மகள். கடவுச்சீட்டைப் பையில் வைக்கவே தாய்க்கு மூன்று தரம் முயலவேண்டியிருந்தது. பிறகு மகளின் வலது முழங்கையைப் பிடித்து, மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கிப் பார்த்தாள். மகளுக்கு ஏன் என்று தெரியாது. "என்னம்மா?" என்றாள்.

"ஒண்டுமில்லை. போய்ச் சாப்பிடு."

டிராமில் ஏறி உட்கார்ந்தோம். என் கைகள் அப்போதும் தொடைமேல் விறைத்தே இருந்தன. இரண்டு தரிப்பிடம் கழிந்ததும் அவள் கேட்டாள்:

"பிள்ளையின்ர கையும் நடுங்கினது. கண்டனீங்களோ?"

"நான் கொடியைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"ஓம், தொப்பியோட" என்றாள். பிறகு யன்னலைப் பார்த்தபடி, "உங்கட கோயில் கலண்டரை நம்பி இனி வெளிக்கிட ஏலாது. அடுத்த முறை அவளிட்டயே நேரத்தைக் கேளுங்கோ" என்றாள்.

அடுத்த முறையா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிவிடுவாளோ என்ற பயத்தில், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை வாயைத் திறக்காமல் இருந்தேன்.