வடகவுஞ்சி இறக்கத்தில் என் வாயைக் கட்டியவர்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, பிரேக் பிடிக்காத ஜீப்பில், மடியில் கைக்குழந்தையோடு மலையிறங்கியவள் நான். இதை எழுத உயிரோடு இருப்பதே ஜெபத்துக்குக் கிடைத்த பதில்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த மகள் ஸ்டெல்லாவை, பாலசமுத்திரத்தில் இருக்கும் என் அம்மாவிடம் காட்டப் புறப்பட்டோம். வாடகை ஜீப் ஓட்டும் என் வீட்டுக்காரர்தான் ஓட்டினார். கொடைக்கானலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏறினேன். வடகவுஞ்சி தாண்டியதும் அனல் முகத்தில் அடித்தது.

அப்போது எங்கள் மலை டிரைவர்களுக்கு ஒரு பழக்கம். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் உருட்டுவார்கள். பெட்ரோல் மிச்சமாம். வண்டியை அடக்குகிற வேலை முழுவதும் பிரேக் தலையில் விழும். குளிர்ந்த காலையில் தப்பித்துவிடலாம். உச்சி வெயிலில் அந்தச் சூடு எப்படி ஆறும்? கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் பெடல் அடிவரை போய்விட்டது.

"பிரேக் இல்ல, ரோசி. பிள்ளையப் பிடிச்சுக்க," என்றார்.

ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். ஆண்டவரே, அழுது கேட்டு வாங்கிய பிள்ளையை இதற்காகவா தந்தீர், வண்டியை நிறுத்தும் என்று மனதுக்குள் கோபமாகவே ஜெபித்தேன். வாய்விட்டுக் கூப்பிடப் பார்த்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவர் மூன்றாம் கியரைத் திணித்தார், பிறகு இரண்டாவது. என்ஜின் அலறி வேகம் குறைந்தது. மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினார். குழந்தை விழிக்கக்கூட இல்லை.

மர நிழலில் காத்திருந்தோம். சூடு ஆற ஆற, பெடல் தானாக மேலே வந்தது.

"நல்லவேளை, நீ கத்தல. கத்தியிருந்தா பதறிப்போயி கியரக் கோட்ட விட்டிருப்பேன்," என்றார்.

"கத்தத்தாங்க பாத்தேன். சத்தமே வரல."

அவர் சிரித்துவிட்டார். அவர் ஓட்டும்போது நான் குறை சொல்லாத வளைவு அந்த மலையில் கிடையாது. வண்டியை நிறுத்தக் கேட்டேன். ஆண்டவர் முதலில் என் வாயை நிறுத்தினார்.

அதன்பிறகு அவர் நியூட்ரலில் இறங்கியதே இல்லை. வெயில் காலமானால் பாதிவழியில் நிறுத்தி, பிரேக் ஆறும்வரை எங்களுக்குக் கொய்யா நறுக்கித் தருவார். நிம்மதியாக இருக்கிறோம்.

உங்களுக்கும் மிதித்த பிரேக் எதுவும் பிடிக்காத நாள் வரலாம். ஜெபிக்க வார்த்தை வரவில்லையே என்று கலங்காதீர்கள். சத்தமில்லாத ஜெபத்தையும், கோபமான ஜெபத்தையும் ஆண்டவர் கேட்கிறார். ஸ்டெல்லா இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். என்னைவிட அதிகம் பேசுகிறாள்.