மச்சான் பார்த்த கடைசிப் பாகம்

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. வரி நேராகப் போவதாக நினைத்து எழுதுவேன். முடிக்கும்போது கீழே இறங்கியிருக்கும். மகள் திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறாள். இதை வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறேன். தறிக்கூடத்துக்குள் இருக்கும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. கூச்சப்படுகிறவனுக்கு அதைவிடத் தோதான வேலை கிடையாது. ஆனால் அந்தச் சத்தம் ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்துவிடும். தாளம் கொஞ்சம் பிசகினாலும் எங்கேயோ நூல் அறுந்துவிட்டது என்று மனம் சொல்லும். நான் மனிதர்களையும் அப்படித்தான் கேட்கிறேன். என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் சந்தேகப் புத்தி.

இளவயதில் டி.வி.யில் வாராவாரம் ஒரு பட்டாளத்துச் சிரிப்புத் தொடர் வந்தது. வடக்கே இந்தியில் எடுத்து, பிறகு தமிழில் பேசவைத்தது. மலையோரத்தில் ஒரு ராணுவ முகாம். கோவேறு கழுதையைக் கண்டால் நடுங்கும் அதிகாரி, உப்புப் போட மறக்கும் சமையல்காரன், நின்றபடியே தூங்கும் ஒரு சிப்பாய். டி.வி. இருந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துச் சிரிப்போம். கடைசிப் பாகம் வந்த வருஷம் நான் ஈரோட்டுப் பக்கம் தறிக்குப் போய்விட்டேன். அதை மட்டும் பார்க்கவில்லை. ராத்திரி ரொம்ப நேரம் கழித்துப் போட்டதால் ஊரிலும் யாரும் பார்க்கவில்லையாம்.

இந்த வருஷம் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் சொன்னாள். “யப்பா, நீங்க சொல்லுவியளே ஒரு பட்டாளத்து நாடகம். கடைசிப் பாகம் முழுசையும் யாரோ நெட்டுல போட்டிருக்காவ. உக்காருங்க.”

அவள் தென்காசியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். பார்க்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் என் மச்சான் வந்து சேர்ந்தார். என் மனைவியின் அண்ணன். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று மேலநீலிதநல்லூரில் இருக்கிறார். அவர் வந்தது டி.வி. பார்க்க அல்ல. என் மகளுக்கு ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்திருந்தார்.

“மாப்ள, குருவிகுளம் பக்கம். நல்ல குடும்பம். பையனுக்குக் கோயம்புத்தூர்ல லேத் பட்டறை. அவங்க அப்பா யாருன்னு நெனைக்கீரு? என்கூட பட்டாளத்துல இருந்தவன். பனியில என் உசுரக் காப்பாத்தினவன் அவன்தான்.”

அந்தக் கதை எங்களுக்குத் தெரியும். எந்தக் கல்யாண வீடானாலும் பந்தி முடிந்ததும் மச்சானைச் சுற்றி நாற்காலிகள் கூடிவிடும். பனிப்புயலில் வழி தவறிய கதையை அவர் சொல்வார். கூட்டாளி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தேடி வந்தானாம். தூங்கினால் சாவு என்பதால் பூரி, கிழங்கு, அல்வா, ஆட்டுக்கால் சூப்பு என்று பலகாரப் பெயராகச் சொல்லிச் சொல்லியே, ஆள் வந்து மீட்கும்வரை விழிக்க வைத்தானாம். மச்சான் சொல்லும்போது பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அப்படிப்பட்டவன் வீட்டுப் பையன் என்றதும் என் மனைவிக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியதாக இல்லை. மகள் போட்டோவைப் பார்த்தாள். பையனோடு ஒருமுறை போனில் பேசினாள். “எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அப்பா சரின்னாத்தான்” என்று என் தலையில் வைத்துவிட்டாள்.

மச்சான் வந்த அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஓடிய கதையில் ஓர் ஆடு அதிகாரியின் லீவுத் தாளைத் தின்றுவிட்டது. மச்சான் எங்களுக்குப் பலமுறை சொன்ன கதை அது. அவர் முகாமில், அவர் லீவுத் தாளை, ஓர் ஆடு. நான் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். உலகத்தில் ஆடு எங்கேயும் தாளைத் தின்னும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சமையல்காரன் துப்பாக்கி எண்ணெயில் வடை சுட்டான். அதுவும் மச்சான் கதை. அவர் எழுந்து, “இதெல்லாம் பழசு. பாட்டு ஏதாவது போடு மக்கா” என்றார். அந்த இடத்தில் எனக்குள் நூல் அறுந்தது.

வாரநாளில் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது நானே போட்டு, முன்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். சோறு ஆறிப்போனது. கடைசிக்குச் சற்று முன்னால் அது வந்தது. பனிப்புயல். கயிறு. கையை மடக்கிக் கன்னத்தில் வைத்துத் தூங்கப் போகிற சிப்பாய். அவன் காதில் இன்னொருவன், “பூரி... கிழங்கு...” என்கிறான். ஆட்டுக்கால் சூப்பு மட்டும்தான் மச்சான் சேர்த்தது.

சிரிப்புத் தொடரில் அந்த ஒரு கட்டத்தில் யாருக்கும் சிரிப்பு வராது. எனக்கும் வரவில்லை. என் கவலை வேறு. உயிரைக் காப்பாற்றியது பொய் என்றால் அந்தக் குடும்பத்தைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? லேத் பட்டறை உண்டா? பையன் குடிப்பானா? மச்சான் எதற்காக இவ்வளவு ஆசையாக அந்த வீட்டுச் சம்பந்தத்தைக் கொண்டுவருகிறார்? அவருக்கும் அவர்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

மனைவியிடம் சொல்ல முடியாது. அண்ணனைச் சொன்னால் அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பாள். மச்சானிடம் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. எங்கள் பக்கம் வழக்கமாகச் செய்வதைச் செய்வோம் என்று முடிவெடுத்தேன். பையன் ஊருக்குப் போய், யார் என்று காட்டிக்கொள்ளாமல், டீக்கடையில் உட்கார்ந்து விசாரிப்பது.

குருவிகுளம் பஸ் பிடித்து, அந்த ஊரில் இறங்கினேன். வானம் பார்த்த பூமி. டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். டீ வாங்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, “இந்தப் பக்கம் மழை எப்படி?” என்றேன்.

டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மழைய விடும் அண்ணாச்சி. பொண்ணு என்ன படிச்சிருக்கு?”

“எந்தப் பொண்ணு?”

பெஞ்சில் இருந்தவர் சிரித்தார். “வெள்ளை வேட்டி, தோள்ல புதுத் துண்டு, வேலைநாள்ல வந்து மழையக் கேக்குதீரு. பொண்ணப் பெத்தவரத் தவிர வேற யாருவே இந்த ஊருக்கு வந்து மழையக் கேப்பா?”

“எந்த வீடுன்னு சொல்லும். நல்லதா சொல்லணுமா, நெசத்தச் சொல்லணுமா?” என்றார் மற்றவர்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. லேத் பட்டறைக்காரப் பையன் என்று முணுமுணுத்தேன். அவ்வளவுதான். டீக்கடைக்காரர் போனை எடுத்தார். “ஏலே, ஒன் சம்பந்தி இங்கன வந்து டீ குடிக்காரு. சீக்கிரம் வா. ஆள் ஓடிருவாரு போல.”

டீ ஆறுவதற்குள் மொபெட்டில் ஒருவர் வந்தார். முழங்கால்வரை புழுதி. மச்சான் வயதுதான், ஆனால் மச்சானைப் போல நெஞ்சை நிமிர்த்தி நிற்கவில்லை. கும்பிட்டார்.

“வீட்டுக்கு வாங்க அண்ணாச்சி. டீக்கடையில விசாரிச்சா, டீக்கடைக்காரன் சொல்லுததுதானே தெரியும்.”

வீட்டுக்குப் போனேன். காரியம் முடிவாகாமல் பெண் வீட்டார் அங்கே கை நனைக்கக் கூடாது என்பதால் வாசல் வேப்பமர நிழலிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தரையைப் பார்த்தபடியே கேட்டேன். “பனியில எங்க மச்சானக் காப்பாத்தினீங்களாமே.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அதையா சொல்லியிருக்கான்?” என்றார். “அண்ணாச்சி, நாங்க ரெண்டு பேரும் இருந்தது ராஜஸ்தான். பனியப் படத்துலகூட சரியாப் பார்த்ததில்ல. மாவு மூடை, சீனி மூடை, மண்ணெண்ணெய் பேரல். அதை லாரியில ஏத்தி இறக்குதது. அதான் எங்க யுத்தம். நான் அவனுக்குச் செஞ்சதுன்னா, முதுகுல வேர்க்குரு வந்தப்ப பவுடர் தடவி விட்டிருக்கேன்.”

“அப்போ அந்தக் கதை?”

“பாரக்ஸ்ல ஒரு டி.வி. இருந்தது. அதுல ஒரு நாடகம் வரும். எல்லாரும் பார்ப்போம்.” அவர் என் முகத்தைப் பார்த்தார். “இதுக்காகப் பொண்ணு இல்லைன்னு சொன்னீங்கன்னா, நான் வருத்தப்படுவேன். ஆனா செய்யாததச் செஞ்சேன்னு சொல்லிப் பொண்ணு எடுக்க மாட்டேன்.”

தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் புறப்பட்டேன். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே மனம் நிறைந்திருக்கும். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேறொன்றை யோசித்தேன். உயிரைக் காப்பாற்றிய பெருமையை ஒருவன் இவ்வளவு சுலபமாக வேண்டாம் என்பானா? அது பொய் என்று நான் கண்டுபிடித்துவிட்டது முன்கூட்டியே தெரிந்து பேசுகிறாரா? மச்சானைப் பற்றிக் கேட்டபோது அந்தக் கொஞ்ச நேர மௌனம் எதற்கு? அவர் ஏதோ ஒன்றை மறைத்தார். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வீட்டுப் பெண்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் டி.வி.யைப் போட்டு, அந்தப் பனிக் கட்டத்தை ஓட விட்டேன். பேச வராதவனுக்கு அது ஒரு வழி.

மச்சான் கடைசிவரை பார்த்தார். வசனம் வருவதற்கு முன்பே அவர் உதடு அசைந்தது. முடிந்ததும், “நீரு குருவிகுளம் போயிருந்தீராமே” என்றார்.

“ஆமா.”

“சொன்னானா?”

“ராஜஸ்தான்னு சொன்னாவ. மாவு மூடைன்னு சொன்னாவ.”

மச்சான் மீசையைத் தடவினார். நான் தொடரை நிறுத்தினேன். கழுதையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிப்பாய் அப்படியே நின்றான்.

“மொத லீவுல வந்து பஸ் ஸ்டாண்டுல இறங்கினேன் மாப்ள. எத்தனை பேரச் சுட்டன்னு ஒருத்தன் கேட்டான். மாவு மூடை ஏத்தினேன்னு சொன்னேன். அவ்வளவுதான், அந்தாளு ஆட்டு விலையப் பேசப் போயிட்டான். அடுத்த லீவுல ஆடு லீவுத் தாளத் தின்ன கதையச் சொன்னேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அப்புறம் எப்படி நிறுத்த?”

“ஆனா பொண்ணு காரியத்துல...”

“அதுல பொய் சொல்லல.” அவர் குரல் உயர்ந்தது. பிறகு இறங்கியது. “பனிதான் பொய். காப்பாத்தினது நெசம். போன புதுசுல எனக்கு ஊரு நெனப்பு தாங்கல. அழுவேன். மூடைக்குப் பின்னால உக்காந்து, சின்னப் பிள்ள மாதிரி. ஓடிரலாம்னு துணி மூட்டையெல்லாம் கட்டி வச்சேன். பட்டாளத்துல ஓடினா என்ன ஆகும்னு உமக்குத் தெரியும். அவன் பார்த்துட்டான். யார்கிட்டயும் சொல்லல. பக்கத்துல உக்காந்து, திருநவேலி பஸ்ஸுல ஏறிட்டோம்னு ஆரம்பிப்பான். மானூர். தேவர்குளம். பனவடலிசத்திரம். எந்த ஸ்டாப்புல யாரு ஏறுதா, எவ கோழியோட ஏறுதா, கண்டக்டர் என்ன ஏசுதான், எல்லாம் சொல்லுவான். சங்கரன்கோவில் வந்து இறங்கினாத்தான் விடுவான். மாசக்கணக்கா அப்படி.”

நான் அவரைப் பார்த்தேன். பிறகு டி.வி.யைப் பார்த்தேன். “மச்சான், இது எந்த வாரத்துல வருது?”

அவர் டி.வி.யையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “போவே! பனவடலிசத்திரத்த எந்த நாடகத்துலவே காட்டுவான்!”

அது சரிதான். அதை நான் நம்பினேன். அதோடு இன்னொன்றும் புரிந்தது. வேப்ப மரத்தடியில் அந்த மனிதர் மறைத்தது இதைத்தான். பெண் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை என்று தன் பெருமையை மறுத்தவர், மச்சான் அழுததை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. என் மகளுக்கும் வெளியில் சொல்ல முடியாத நாட்கள் வரும். அதைத் தெருவுக்குக் கொண்டுபோகாத வீடாக இருந்தால் போதும் என்றுதான் பெண்ணைப் பெற்றவன் ஊர் ஊராக டீ குடிக்கிறான்.

“அவங்கள வரச் சொல்லுங்க மச்சான்” என்றேன்.

“என் தங்கச்சிகிட்ட...”

“பனி பெய்ததாவே இருக்கட்டும்.”

மகளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் அனுமதியோடுதான் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “பிறகென்ன, இன்னும் யாரச் சந்தேகப்படப் போறிய?” என்றாள். பையன் குடிப்பதில்லை என்று மூன்று பேர் ஒரே மாதிரி சொல்கிறார்கள். ஒரே மாதிரி சொல்வதுதான் எனக்கு உதைக்கிறது. அதைக் கோயம்புத்தூரில் ஒருவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

தொடரின் கடைசி வாரத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். கூடாரங்களைப் பிரித்து லாரியில் ஏற்றுகிறார்கள். மூடைகளை ஏற்றுகிறவர்களைக் காமிரா சரியாகக் காட்டவே இல்லை. மச்சான் கொஞ்சம் முன்னால் குனிந்து தேடினார்.

நாளைக் காலையில் நிச்சயதார்த்தம். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனைவி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். இதை எழுதி முடித்தது ஆவணி மாதம் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை.