நான் வாய் திறக்காத ஐந்து வாரங்கள்

என் மகளுக்கு நான் மருந்து கொடுக்கவில்லை என்று பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் எல்லாத் தாய்மாருக்கும் முன்னால் சொன்னவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஓர் ஆய்வுக் குழு வந்திருந்தது. இரத்தச் சோகை உள்ள சிறுபிள்ளைகளுக்குப் புது மாதிரியான இரும்பு மருந்து எவ்வளவு பலன் தருகிறது என்று பார்க்கும் ஆய்வு. ஆறு வாரத்துக்கு ஒரு முறை கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் வந்து பிள்ளைகளின் விரலில் குத்தி இரத்தம் பார்ப்பார். மற்ற நாட்களில் வீடு வீடாக வந்து விளக்கம் சொல்வது, கையெழுத்து வாங்குவது, போத்தல் கொடுப்பது எல்லாம் டவுனிலிருந்து வந்த ஓர் இளம் பெண்ணின் வேலை. நாங்கள் அவளை மிஸ் என்று கூப்பிட்டோம். என்னைவிட வயதில் சின்னவள்.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நான் உயர்தரம் வரை படித்தவள். சொன்னதைச் சொன்னபடி செய்வேன். செய்த பிறகு சரியாகத்தான் செய்தேனா என்று பத்துத் தடவை யோசிப்பேன். மருந்தை அளந்து, அளவுக் கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊட்டிவிட்டு, மிஸ் தந்த கார்ட்டில் அடையாளம் போடுவேன். பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் செய்வதைச் செய்வேன். வாய்க் கசப்புப் போக இரண்டு மடக்கு இனிப்புச் சாயத்தண்ணி, பால் விடாத தேநீர். காய்ச்சல் மருந்தோ பூச்சி மருந்தோ, எது கொடுத்தாலும் பின்னால் சாயம்தான். நாங்களும் அப்படிக் குடித்துத்தான் வளர்ந்தோம்.

முதல் ஆறு வாரம் முடிந்து பிள்ளைக் காம்பராவில் இரத்தம் பார்த்தபோது எந்தப் பிள்ளைக்கும் அளவு ஏறவில்லை. என் மகளுக்குக் கொஞ்சம் குறைந்தும் இருந்தது. டொக்டரின் வாகனம் வளைவைத் தாண்டும்வரை மிஸ் பேசாமல் நின்றாள். பிறகு தொடங்கினாள்.

"மருந்தக் கையில குடுத்தா சாக்கடைக் கானுக்குள்ள ஊத்திட்டு வந்து நிக்கிறீங்க." என் பக்கம் திரும்பினாள். "இவங்கள விடு. நீ படிச்சவதானே? குடுக்காமலே குடுத்தேன்னு கார்ட்ல எழுதினியா?"

"ஒரு நாளும் விடல மிஸ். குடுத்தேன்."

"பொய் சொல்ல மட்டும் படிச்சிருக்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்து, ஒருவேளை ஏதாவது ஒரு நாள் மறந்திருப்பேனோ என்று போத்தலையும் கார்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மறக்கவில்லை. சனிக்கிழமை போத்தலை எடுத்துக்கொண்டு ஹட்டனில் எனக்குத் தெரிந்த பாமசிக்குப் போனேன். மருந்துக் கடைக்கார நானா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இரும்பு மருந்துதான். தங்கச்சி, தேத்தண்ணியோடயா குடுக்கிறீங்க?"

"பின்னால ரெண்டு வாய் குடுப்பேன் நானா. கசப்புக்கு."

"அதுதான் விசயம். தேத்தண்ணி உள்ள போனா இரும்பு ஒடம்புல சேராது. மருந்து தந்தவங்க சொல்லலையா?"

சொல்லவில்லை. "எல்லாம் ஒரே விசயந்தான், கடைசித் தாள்ல கையெழுத்து வைங்க" என்று மட்டும்தான் மிஸ் சொல்லியிருந்தாள். அடுத்த முறை அவள் வந்தபோது அந்த விளக்கத் தாளில் எனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டேன். பையைத் திறந்தாள். றப்பர் வளையம் கழற்றாத தமிழ்த் தாள்கள் கட்டாக இருந்தன. ஒன்றை உருவிப் போட்டுவிட்டுப் போனாள். மருந்துக்கு முன்னும் பின்னும் தேநீர் கொடுக்கக் கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. அந்தத் தாளை வாசித்து விளங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வைத்தவளும் நான்தான். கேட்டு வாங்கி வாசித்திருக்கலாம். வாசிக்கத் தெரிந்தவள் நான்.

அன்றைக்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கலாம். டொக்டரின் நம்பர் தாளிலேயே இருந்தது. சொல்லவில்லை. என் மகளுக்கு மட்டும் சாயத்தை நிறுத்திவிட்டுத் தோடம்பழச் சாறு கொடுத்தேன்.

லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் கொழுந்து பறிக்கப் போகும் ஓர் அக்கா இருந்தாள். அவள் மகனும் அதே ஆய்வில்தான். பின்னேரம் விறகுக்குப் போகும்போது அவனை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். தினமும் காலையில் அவள் மருந்து ஊட்டி, சாயக் கோப்பையை ஊதி ஊதி அவன் வாயில் வைப்பதை நான் வாசலில் நின்று பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வரும். சொன்னால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏறும். மிஸ் போய் டொக்டரிடம், "நான் ஏசினதாலதான் சேர் ஒழுங்கா குடுத்தாங்க" என்று பெருமை பேசுவாள். அதை நினைத்ததும் வாயை மூடிக்கொள்வேன்.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் என் மகளுக்கு மட்டும் அளவு நன்றாக ஏறியிருந்தது. டொக்டர் இரண்டாம் முறையும் குத்திப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படி?"

நான் தாளை நீட்டினேன். "சாயத்த நிறுத்தினேன் சேர். மத்த யாருக்கும் இந்தத் தாள் கிடைக்கல."

அவர் ஒவ்வொரு தாயிடமும் காட்டிக் கேட்டார். எல்லாரும் தலையாட்டி இல்லை என்றார்கள். பிறகு மிஸ்ஸின் பையைத் திறக்கச் சொன்னார். கட்டு அப்படியே இருந்தது.

"எல்லாருக்கும் விளக்கிச் சொன்னேன் சேர்," என்றாள்.

"பொய் சொல்ல மட்டும் படிச்சிருக்கீங்க மிஸ்," என்றேன். அவள் முகம் சிவந்து, கண் கலங்கி, மூக்கை உறிஞ்சியதை நான் விடாமல் பார்த்தேன். எனக்கு இனித்தது. இதை எழுதும்போதும் இனிக்கிறது.

டொக்டர் அவளை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார். எங்கள் தோட்டத்து முடிவுகளை ஆய்வில் சேர்க்க முடியாது என்றும், பிள்ளைகளுக்கு இனிக் கிளினிக்கில் வழக்கமான மருந்து தருவார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

லயத்துக்கு ஏறும் படியில் அக்கா என்னை நிறுத்தினாள். இடுப்பில் மகன் இருந்தான்.

"நீ எப்பருந்து சாயம் குடுக்கல?"

நேற்றிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். "அஞ்சு கிழமையா, அக்கா."

"ஒரு செவுரு தள்ளித்தானேடி இருக்கேன். எனக்கு ஒரு வார்த்த சொல்ல வாய் வரலையா?"

"அவள மாட்ட வைக்கணும்னுதான் அக்கா..."

"அவ மூஞ்சில கரி பூச எம்புள்ள ரத்தந்தான் கெடைச்சிச்சா ஒனக்கு?"

கிளினிக் மருந்தில் அவனுக்கும் இப்போது ஏறிவிட்டது. அக்கா என்னோடு பேசுகிறாள். மழையைப் பற்றி, கொழுந்து நிறுவையைப் பற்றி. விறகுக்குப் போகும்போது மட்டும் மகனையும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறாள். என்னிடம் விடுவதில்லை. வேறு எதுவும் அவள் எனக்குச் செய்யவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.