மாணிக்கவாசகம் தேடிய கிரண்

மாணிக்கவாசகத்தின் கையில் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் மூன்று கேள்வி கேட்காமல் வாங்கமாட்டார். எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கியது. மைசூரில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையின் ஸ்டோரில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்தவருக்கு அது வியாதி மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டுக்குப் புதுத் துடைப்பம் வந்தால்கூட அவர் மனைவி மாதேவி மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இத்தனை கேள்வி கேட்கத் தெரிந்த மனிதர், கேட்டே ஆகவேண்டிய ஓர் இடத்தில் அந்த மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் அவருடைய ஒரே மகள் வினிதா, பி.சி.ஏ. கடைசி வருடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஹனூரில் உர மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு, ஓர் ஆவணி மாதம். வீட்டுக் கம்ப்யூட்டரில் கரண்டு பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையின் வலது மூலையில் கீழே ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. ஒரு வாலிபன் படம், பக்கத்தில் சிவப்பாக ஓர் இதயம். 'கிரண் உங்களுக்கு மூன்று செய்திகள் அனுப்பியிருக்கிறான்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அவர் அதை மூடினார். மறுநாள் 'கிரண் உங்களுக்காகக் காத்திருக்கிறான்' என்று வந்தது. அந்தக் கம்ப்யூட்டரை அவரைத் தவிர வீட்டில் தொடுவது வினிதா மட்டும்தான். மாணிக்கவாசகத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"யாரு கண்ணு இந்தக் கிரண்?"

"எனக்குத் தெரியாதுப்பா. இது வைரஸ்ப்பா, சும்மா விளம்பரம். ஒரு மணி நேரம் குடுங்க, நானே எடுத்துடறேன். எல்லாம் ஃப்ரீ டூல்ஸ்தான், காசுகூட ஆகாது."

பொறுமையாகத்தான் சொன்னாள். கம்ப்யூட்டர் படிக்கிற பெண், கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொன்னாள். ஆனால் அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அத்தாட்சியை அழிக்கப் பார்க்கிறாள், அதுவும் என் கண் முன்னாலேயே, என்று நினைத்தார். கீபோர்டையும் மவுஸையும் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். திரையின்மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தினார்.

அதோடு விட்டிருந்தாலும் பாதகமில்லை. அந்த வாரமே அரை நாள் லீவு போட்டுவிட்டு வினிதாவின் கல்லூரிக்குப் போனார். கர்நாடகத்தில் ஒரு வகுப்பில் கிரண் இல்லை என்றால்தான் ஆச்சரியப்பட வேண்டும். அந்த வகுப்பில் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் மீசை முளைத்தவனைத் தேர்ந்தெடுத்து, வாசலில் நிறுத்தி, தமிழும் கன்னடமுமாகக் கத்தினார். அந்தப் பையனுக்கு வினிதாவின் முழுப் பெயர்கூடத் தெரியாது. பையைக் கட்டிக்கொண்டு நடுங்கினான். ஐம்பது அறுபது பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள், சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள். வினிதா நூலகப் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கல்லூரிக்கு மூன்று நாள்தான் போனாள்.

மாதேவியின் சொந்தத்தில், ஹனூரில் உரக்கடை வைத்திருந்த தருண்குமாரின் ஜாதகம் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. படிப்பு முடியட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்ததை மாணிக்கவாசகம் எடுத்தார்.

"ஏனுங்க, இன்னும் ஒரு வருசம்தானுங்க. புள்ள படிப்ப முடிக்கட்டுமே" என்றாள் மாதேவி.

"ஒரு வருசத்துல என்ன வேணும்னாலும் ஆகும்" என்றார் இவர். கார்த்திகையில் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை நல்லவராக அமைந்தது வினிதாவின் அதிர்ஷ்டமே தவிர, அதில் இவருடைய சாமர்த்தியம் எள்ளளவும் இல்லை.

அன்றிலிருந்து வினிதாவின் போன் வந்து இவர் எடுத்தால், "நல்லாருக்கீங்களாப்பா? அம்மாகிட்ட குடுங்க" என்பாள். அவ்வளவுதான். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. கட்டிக்கொடுத்த பெண் அப்படித்தான் இருப்பாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பதினாறு மாதத்தை ஓட்டிவிட்டார்.

பங்குனி மாதத்தில் அவர் ஓய்வு பெறுவதற்கான படிவங்கள் வந்தன. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் நிரப்பி அனுப்ப வேண்டுமாம். பீரோவைத் திறந்து கீபோர்டை எடுத்தார், வேட்டியை உருவினார், தூசியைத் துடைத்தார். கம்ப்யூட்டர் முக்கி முனகித் திறந்துகொண்டது. முதல் படிவத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் அடித்து முடித்திருப்பார், மூலையில் பெட்டி முளைத்தது. அதே படம், அதே சிவப்பு இதயம். 'கிரண் உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறான்.'

மாணிக்கவாசகம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகள் ஹனூரில் இருக்கிறாள். மாதேவிக்கு மவுஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. வீட்டில் மிச்சம் இருப்பது ஐம்பத்தொன்பது வயதும் மூக்குக் கண்ணாடியுமாக அவர் ஒருவர்தான். பிறகு இந்தக் கிரண் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறான்?

அன்று சாயங்காலமே சி.பி.யூ.வை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு மண்டி மொஹல்லாவுக்குப் போனார். அங்கே ரூபா என்கிற பெண்மணி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். வயது நாற்பது இருக்கும். தமிழும் கன்னடமும் கலந்து, கை வேலையை நிறுத்தாமல் பேசுவாள். சி.பி.யூ.வை அவளுடைய திரையில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இது மனுசனே இல்ல சார். விளம்பரம். எங்கயோ ஒரு வெப்சைட்ல யாரோ அனுமதி குடுக்கற 'அலவ்' பட்டனை அமுக்கியிருக்காங்க. கூடவே ஒரு கள்ள சாஃப்ட்வேரும் உள்ள பூந்திருக்கு. வாரத்துக்குப் பத்துப் பொட்டி இந்த மாதிரி வருது. எல்லாத்திலயும் ஒரு கிரணோ ஒரு அஷ்வினியோ இருப்பாங்க. ஃபார்மட் மாடி, எல்லாத்தையும் சுத்தமா அழிச்சுக் குடுக்கட்டா?"

"வேண்டாம்மா. எல்லாத்தையும் அழிச்சுட்டா, இது எப்படி வந்துச்சுன்னு தெரியாமப் போயிடும். எனக்கு அது தெரியணும்."

ரூபா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படின்னா சும்மா எனக்கு எதுக்குக் காசு குடுக்கறீங்க? நீங்களே பண்ணலாம், எல்லாம் ஃப்ரீயா கிடைக்குது. எழுதிக் குடுக்கறேன். வரிசையாப் பண்ணுங்க, நடுவுல ஒண்ணையும் விடாதீங்க" என்று ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, அந்தச் சீட்டைத் திரைக்கு அருகில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் விண்டோஸோடு வருகிற ஸ்கேனரை ஓடவிட்டார். அரை மணி நேரத்துக்குமேல் ஓடி ஒன்பது வைரஸைப் பிடித்தது. நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டால், ஐந்தாவது நிமிடம் கிரண் வந்தான். அடுத்து, விளம்பரப் பூச்சிகளைப் பிடிக்கும் இலவச டூல் ஒன்றை ரூபா சொன்ன இடத்திலிருந்து மட்டும் இறக்கி ஓட்டினார். அது முப்பத்தொன்றைப் பிடித்தது. அப்பாடா என்று காபி குடித்துவிட்டு வந்தால், கிரண் மறுபடியும் உட்கார்ந்திருந்தான். ரூபாவுக்குப் போன் போட்டார்.

"போய்ப் போய்த் திரும்பி வருதுன்னா, உள்ள ஒரு டைம்டேபிள் வெச்சிருக்கு சார். நீங்க தொரத்தினா அது மறுபடி கூட்டிட்டு வரும். டாஸ்க் ஷெட்யூலர்னு இருக்கும், தெறந்து பாருங்க. பேரு கண்டபடி இருந்தா அதுதான்."

திறந்தார். ஒரு பட்டியல் வந்தது. அர்த்தமில்லாத எழுத்துகளை வாரி இறைத்த மாதிரி ஒரு பெயர் இருந்தது. கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் ஓட வேண்டும் என்று அதற்கு உத்தரவு. வேறு யாராவது இருந்தால் அந்த இடத்திலேயே அதை அழித்திருப்பார்கள். ஸ்டோர்க்காரர் ஆயிற்றே, கை அழிக்கப் போகவில்லை. அதே வரிசையில் நகர்ந்து, உருவான தேதி என்ன என்று பார்த்தார். போன வருடத்துக்கும் முந்தைய வருடம் ஜூலை இருபத்தெட்டு, காலை 10.42.

இறக்கிய கோப்புகள் இருக்கும் இடத்துக்குப் போய் அதே தேதியைத் தேடினார். 10.41 என்று ஒரே ஒரு கோப்பு இருந்தது. இலவசத் தமிழ் எழுத்துரு.

அது ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. மாதேவியும் வினிதாவும், பரீட்சைக்கு வேண்டிக்கொண்டது என்று, முதல் நாளே மாதேஸ்வரன் மலைக்குப் போயிருந்தார்கள். மாரியம்மன் கோவில் கமிட்டிக்கு இவர்தான் செயலாளர். கூழ் ஊற்றும் நாளுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்று வீட்டில் தங்கிவிட்டார். பிரஸ்ஸில் கன்னடமும் இங்கிலீஷும்தான் அடித்துக் கொடுப்பார்கள், தமிழ் வேண்டுமென்றால் நீங்களே அடித்து எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சரி, நாமே அடித்துக் காட்டுவோம் என்று ரோஷத்தோடு உட்கார்ந்து தேடியவர் இவர். எழுத்துரு கிடைத்த பக்கத்தில், நீங்கள் ரோபோ இல்லை என்றால் 'அலவ்' அழுத்துங்கள் என்று கேட்டது. என்னைப் பார்த்து ரோபோவா என்று கேட்கிறதா என்ற கோபத்தில் மூன்று தடவை அழுத்தினார். வைரஸ் தடுப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள் என்றது, அதையும் பவ்யமாக நிறுத்தினார். நோட்டீஸ் மிக அழகாக வந்தது. கமிட்டியில் எல்லோரும் எழுத்தைப் பாராட்டினார்கள்.

எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, யார் வாங்கியது என்று மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டது.

பிறகு மிச்ச வேலையைச் செய்தார். அந்தக் கோப்பை, அது போட்டுவைத்த சாஃப்ட்வேரை, டைம்டேபிளை எல்லாம் நீக்கினார். பிரௌசரில் அனுமதி கொடுத்த தளங்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். மறுபடி ஸ்கேன் ஓட்டினார். எதுவும் இல்லை என்று பச்சை நிறத்தில் காட்டியது. தட்டுத் தடுமாறி அவருக்கே அரை நாள்தான் ஆகியிருந்தது. வினிதா ஒரு மணி நேரம் கேட்டாள். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்காமல் அவளுடைய படிப்பை வாங்கிக்கொண்டோமே என்று நினைத்தபோது, மாணிக்கவாசகம் அழுதுவிட்டார். அப்பா இறந்தபோதுகூட அப்படி அழுததில்லை.

சமையலறைக்குப் போய் மாதேவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"அவ அன்னிக்கே சொன்னாளுங்க" என்றாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கல்லூரிக்குப் போய், விட்ட படிப்பைத் தொடர்வதற்கு என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்து விண்ணப்பம் வாங்கிக்கொண்டார். அந்த மீசைக்காரக் கிரணைத் தேடினார். அவன் படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டானாம். அவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு அவரிடமே தங்கிவிட்டது. அங்கிருந்து கொள்ளேகால் பஸ்ஸைப் பிடித்து, ஹனூர் போய் இறங்கியபோது மணி இரண்டு.

கடையில் வினிதாவும் தருண்குமாரும் இருந்தார்கள். "வாங்க மாமா" என்று மாப்பிள்ளை எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாமனார் முகத்தைப் பார்த்ததும் ஏதோ புரிந்த மாதிரி, "குடோன்ல லோடு எறக்கறாங்க, பார்த்துட்டு வந்துடறனுங்க" என்று நகர்ந்துவிட்டார்.

பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. "கண்ணு, அது வைரஸ்தான். நீ சொன்னதுதான் சரி" என்று தொடங்கி, தேதி, நேரம், எழுத்துரு, டைம்டேபிள் என்று ஒன்று விடாமல் சொன்னார். "எல்லாம் நான் பண்ணதுதான். உன் மேல ஒரு தப்பும் இல்ல. ஸ்கேன் பண்ணி, தேதியோட பார்த்துட்டேன். சந்தேகமே இல்ல" என்று முடித்தார். விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்தார்.

வினிதா அதை எடுத்துப் படித்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார், அழுவாள் என்றும் எதிர்பார்த்தார். இரண்டும் இல்லை.

"அன்னைக்குக் கம்ப்யூட்டர் சொன்னதை நம்பி என்னைக் கூட்டிட்டு வந்து இங்க விட்டீங்க. இன்னைக்கும் கம்ப்யூட்டர் சொன்னதாலதான் வந்திருக்கீங்க" என்றாள். "அந்தத் தேதி கிடைக்காமப் போயிருந்தா வந்திருப்பீங்களாப்பா?"

வந்திருக்கமாட்டார். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் விண்ணப்பத்தை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, வாசலில் வந்து நின்ற விவசாயிக்கு என்ன வேண்டும் என்று கேட்கப் போனாள்.

'உன்னை நம்பறேன் கண்ணு' என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆதாரம் கைக்கு வந்த பிறகு நம்புவதற்கு ஒரு ஸ்டோர் கீப்பர் போதுமே, தகப்பன் எதற்கு என்று அவருக்கே தோன்றியது.