என்னை மதிப்பிட வந்த தாதி

மனைவியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போதுதான் அந்த இறுக்கத்தை முதன்முறையாக உணர்ந்தேன். நெஞ்சின் நடுவே யாரோ முழங்காலை ஊன்றியதுபோல் இருந்தது. அவரை நழுவவிடாமல் நாற்காலியில் இருத்திவிட்டு, ஜன்னல் திரையைச் சரிசெய்பவன்போல் திரும்பி நின்று மூச்சை எடுத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. ஆகவே கவனிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அவருக்கு நடுக்குவாதம் (உடலின் அசைவுகளை நெறிப்படுத்தும் ஆற்றலை மூளை சிறிது சிறிதாக இழக்கும் நோய்). அறிவு தெளிவாக இருக்கிறது, குரல்தான் இறங்கிவிட்டது. வாயருகே காதை வைத்தால்தான் பேச்சு விளங்கும். நோர்வேயில், ஒஸ்லோவின் தெற்குப் பகுதியான பியோர்ண்டாலில் உள்ள எங்கள் வீட்டில் அவரைக் குளிப்பாட்டுவதும் மாத்திரை கொடுப்பதும் நானே. நான் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்றவன். இங்கே தமிழ்ச் சமூகத்தில் பொறுப்புகள் வகித்தவன். என் மனைவியைக் கழுவித் துடைக்க வெளியாள் வருகிறார் என்று நாலு பேர் கதைப்பதை நான் விரும்பவில்லை.

மனைவியின் வழமையான பரிசோதனையின்போது குடும்ப மருத்துவர் கணினியிலிருந்து பார்வையை எடுத்து, “உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று என்னிடம் கேட்டார். நான் புன்னகைத்தேன். அவர் புன்னகைக்கவில்லை. பராமரிப்பாளர் உடல்நல இடர் மதிப்பீட்டுக்கு (நோயாளியைக் கவனிப்பவர் தாமே நோயில் விழும் வாய்ப்பு எவ்வளவு என்று ஆராய்வது) நகரசபையின் தாதி ஒருவர் வீட்டுக்கு வருவார் என்றார்.

அதற்குக் கட்டணம் இல்லை. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அதன் விலையையே நினைத்தேன். என்னால் இயலாது என்று முடிவானால் மனைவியை முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே குனிந்து காதுகொடுக்க யார் இருப்பார்கள்?

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்டார்கள். வருபவர் நம்மவராகத்தான் இருப்பார். வார இறுதிக்குள் கோயில் வரைக்கும் செய்தி போய்விடும். வேண்டாம் என்றேன்.

தாதி வரும் நாளில் வீட்டைத் துடைத்தேன். மனைவிக்குச் சேலை உடுத்தினேன். உளுந்து வடை சுட்டு, தேநீர்க் கோப்பைகளில் நல்லவற்றை எடுத்துவைத்தேன். வீட்டுக்கு வருபவர் முன் குறைகளை விரிப்பது எங்கள் பழக்கமில்லை. அந்தப் பழக்கத்தை இன்றும் நான் இழிவாகச் சொல்லமாட்டேன். ஆனால் அன்று வந்தவர் விருந்தாளி அல்ல.

நித்திரை எப்படி என்று கேட்டார். நன்று என்றேன். தூக்கும்போது வலி உண்டா என்றார். இல்லை என்றேன். வடை நன்றாக இருக்கிறது என்று சொல்லியபடி கணினியை மூடப்போனார். அப்போது மனைவியின் கை மேசையில் மெல்லத் தட்டியது. தாதி எழுந்துபோய், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அவர் வாயருகே காதை வைத்தார்.

சிறுவர் பூங்காவில் (மழலையர் பராமரிப்பு நிலையத்தில்) வேலை செய்து பழகிய நொர்வேஜிய மொழியில் மனைவி சொன்னார்: “இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோடு நிற்கிறவர். ஒவ்வொரு நாளும்.”

“சும்மா இரும்,” என்றேன் தமிழில். “வந்த ஆக்களுக்கு முன்னாலை என்ன கதை இது?”

நானும் குனிந்துதான் பதிலைக் கேட்கவேண்டியிருந்தது. “இவா ஆக்கள் இல்லை, நேர்ஸ். ஆக்களுக்கு நீங்கள் ஒளியுங்கோ.”

தாதி என் இரத்த அழுத்தத்தை அளந்தார். மறுபடியும் அளந்தார். வலி இப்போதும் இருக்கிறதா என்று கேட்டபோது, எனக்கே வியப்பாக, “ஓம்” என்று தமிழில் சொல்லித் தலையசைத்தேன். அவர் தொலைபேசியை எடுத்தார். அம்புலன்ஸ் வந்ததும் உடை மாற்றவேண்டும் என்றேன், நேரமில்லை என்றார். மனைவி மீண்டும் அவரை அழைத்து ஏதோ சொல்ல, அவர் சிரிப்பை அடக்கியபடி என் கோட்டை எடுத்துவந்தார். “இது இல்லாவிட்டால் நீங்கள் ஏறமாட்டீர்களாம்.”

இதயத் தமனி ஒன்று பெரும்பாலும் அடைபட்டிருந்தது. ஸ்டென்ட் (குருதிக்குழாயை விரித்துவைக்கும் சிறு வலைக்குழாய்) பொருத்தினார்கள். நான் அஞ்சியதும் நடந்தது: அன்று மாலையே மனைவியை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள்.

துரொண்ட்ஹெய்ம் நகரிலிருந்து மகள் தொலைபேசியில் பேசினாள். “கொஞ்ச நாளைக்குத்தான், அப்பா.”

“அம்மா அங்கை ஆரோடை கதைக்கிறது?”

“அம்மாவைத் தூக்கேக்கை நீங்கள் விழுந்திருந்தால், அம்மா ஆரோடை கதைச்சிருப்பா?”



இதைப் படிப்பவர்களில் சிலர் கனடாவிலோ ஜெர்மனியிலோ இருப்பீர்கள். ஜெர்மனியில் காப்புறுதி பணம் கொடுக்கிறது, கனடாவிலும் இங்கேயும் அரசு. யார் கொடுத்தாலும் கணக்கு ஒன்றுதான். கவனிப்பவர் விழுந்தால் ஒரு நோயாளிக்குப் பதில் இருவருக்குக் கட்டில் வேண்டும். தாதியோடு வீட்டில் நடக்கும் ஓர் உரையாடல் அதைவிட எவ்வளவோ மலிவு. ஆனால் நோயாளி கொடுக்கும் விலையையும் மறைக்கக்கூடாது. நடுக்குவாத மாத்திரை நேரம் தவறக்கூடாதது. புதிய இடத்தில் அது பல தடவை பிந்தியது. என் தோளைப் பிடித்துக் கட்டிலடியில் எழுந்து நின்ற மனைவி, வீடு திரும்பியபோது நிற்க முடியாதவராக வந்தார். நான் நலமாக இருந்தபோதே மதிப்பீடு நடந்திருந்தால், மாத்திரை முறையை எழுதிக் கொடுத்து, இடத்தைப் பார்த்து, ஆயத்தமாக அனுப்பியிருக்கலாம். தாமதம்தான் அவருடைய கால்களை எடுத்தது. உங்களுக்கு அழைப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். வருபவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

இப்போது காலையில் பணியாளர் இருவர் தூக்கும் கருவியோடு வருகிறார்கள். பாரம் தூக்க எனக்கு அனுமதி இல்லை. அவர்கள் அறைக்கதவைச் சாத்தியதும் நான் வெளியே நடையில் அமர்கிறேன். எந்தக் காலைப்பொழுதும் இதற்குமுன் எனக்கென்று இருந்ததில்லை. செய்ய ஒன்றுமில்லாத கைகள் மடியில் கனக்கின்றன. என் இதயம் அடிப்பது எனக்குக் கேட்கிறது. இத்தனை காலமும் அது அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கவேண்டும்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நிற்கும்போது கதவு சற்றுத் திறக்கும். பணியாளர்களில் இளையவர் தலையை நீட்டி, தமிழ் தெரியாத நாக்கால், மனைவி சொல்லிக்கொடுத்தபடி ஒரு சொல்லைக் கொண்டுவந்து தருவார்.

“இருக்கிறியளோ?”

“இருக்கிறன்,” என்பேன். அவர் அதையும் உள்ளே கொண்டுபோவார்.