மெடிக்கல் என்று சொன்ன வாய்

நான் பயந்த சுபாவம். துபாயில் ஒன்பது வருடம் வண்டி ஓட்டிய பிறகும், போலீஸ் வண்டியைக் கண்டால் ஒரு தப்பும் செய்யாமலே எனக்கு வியர்க்கும். அப்படிப்பட்டவன் நான் தங்கியிருக்கும் சோனாப்பூர் லேபர் கேம்ப் கேட்டில் வாட்ச்மேனிடம் துணிந்து பொய் சொன்னேன் என்றால், என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு அமெரிக்க அம்மாவுக்காகச் சொன்ன பொய் அது. எழுபதைத் தாண்டியவர். கிராப்பு வெட்டிய நரைத்த தலை, கான்வாஸ் ஷூ. ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதுகிறவர். அவருடைய புதிய படைப்பை இங்கே ஒரு அரங்கில் வாசிப்பதற்காக வரவழைத்திருந்தார்கள். பத்து நாள் அவருக்கு வண்டி ஓட்டுவது என் ட்யூட்டி. பாட்டோ மெட்டோ அவர் எழுதுவதில்லை. மனிதர்கள் மூச்சு விடுவதைத்தான் வாழ்நாள் முழுக்க எழுதியிருக்கிறார். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். நெஞ்சில் கரித்தூள் அடைத்து அப்பா மூச்சுக்கு அல்லாடுவதை அடுத்த அறையிலிருந்து கேட்டே வளர்ந்த பெண். அந்த மூச்சை எண்ணி எழுதியதுதான் தன் முதல் இசை என்று, என் அரைகுறை இங்கிலீஷுக்கு ஏற்றபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ட்யூட்டி முடிந்து வருகிறவர்களின் மூச்சைப் பதிவு செய்ய வேண்டும், உன் ரூமுக்குக் கூட்டிப்போவாயா என்றும் கேட்டார். முடியாது என்று சொல்லவும் பயம், சரி என்று சொல்லவும் பயம். சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

வெளியாட்களை கேம்புக்குள் விட மாட்டார்கள். "கோன் ஹை, பாய்?" என்று, யார் இவரெனக் கேட்டு வாட்ச்மேன் மறித்தார். அந்த அம்மாவின் தோளில் ஒரு பெட்டி, கழுத்தில் ஹெட்போன். "மெடிக்கல்" என்று என் வாயில் வந்துவிட்டது. கேட் உடனே திறந்தது.

இங்கே அந்த வார்த்தைக்கு வைத்தியம் என்று அர்த்தமில்லை. விசா புதுப்பிக்க ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கும் நாளுக்குப் பேர்தான் மெடிக்கல். எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி விழுந்தால் ஊருக்கு டிக்கெட் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். நாங்கள் மாடி ஏறுவதற்குள் வார்த்தை முந்திக்கொண்டு ஏறிவிட்டது. வராந்தாவில் ஒரு ஆள் இல்லை. எங்கள் ரூமில் என்னோடு தங்கும் ஆறு பேரும் கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

அதில் ஒருவர் என் அக்கா வீட்டுக்காரர். கட்டட சைட்டில் கல் அறுக்கிறவர். ஒன்றரை மாதமாக இருமல். அடுத்த மாதம் அவருக்கு மெடிக்கல். அதுவரை யாருக்கும் தெரியாமல் சிரப்பைக் குடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

"மெடிக்கல் இல்ல மச்சான். இவங்க மியூசிக் எழுதுறவங்க. நாம மூச்சு விடுறதப் பதிவு பண்ணணுமாம்" என்றேன்.

"மியூசிக்குக்கு எதுக்குடா மாப்ள என் மூச்சு?" என்றார். உண்மையைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

அந்த அம்மா ஒவ்வொருவரிடமும் மைக்கைக் காட்டி அனுமதி கேட்டார். அதிகாரியிடம் தலையாட்டுவதைப் போல எல்லோரும் ஆட்டினார்கள். பிறகு ரூமில் ஏசி சத்தம் மட்டும்தான். ஆறு பேரும் மூச்சை அளந்து அளந்து விட்டார்கள். மச்சானின் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது. இருமிவிடாதீர்கள் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். கடைசியில் அடக்க முடியாமல் குனிந்து இருமித் தீர்த்தார்.

அந்த அம்மா ஹெட்போனை ஒரு கையால் அழுத்திக்கொண்டு அவர் பக்கத்தில் போனார். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "இந்தச் சத்தத்தை நான் அறிவேன். இவர் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். அவரிடம் சொல்" என்றார். என் அரைகுறை இங்கிலீஷுக்கும் ஒரு சொல் தப்பாமல் புரிந்தது.

"என்ன சொல்றாங்க மாப்ள?"

அக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளும் கண்ணுக்குள் வந்தார்கள். "ஒண்ணுமில்ல மச்சான். நல்லா இருக்குன்னு சொல்றாங்க" என்றேன். பதிவுக் கருவி இன்னும் ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அதற்கு ஐந்தாம் நாள் நிகழ்ச்சி. டிரைவரான என்னையும் அந்த அம்மா உள்ளே உட்கார வைத்தார். வயலின்காரர்கள் சுரமே இல்லாமல் வில்லை இழுத்தார்கள். மூச்சு வாங்குவது போலவே இருந்தது. நடுவில் ஸ்பீக்கரில் எங்கள் ரூமின் ஏசி கேட்டது, மச்சானின் இருமல் கேட்டது. பின்னாலேயே என் குரல். "ஒண்ணுமில்ல மச்சான். நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

கோட் போட்ட கனவான்களுக்கு அது இன்னொரு சத்தம். எனக்கு அது நான் சொன்ன பொய். அதுவரை நான் பயந்ததெல்லாம் வாட்ச்மேனுக்கு, விசாவுக்கு, எக்ஸ்ரேக்கு. அந்த மனுஷன் செத்துப்போய்விடுவாரோ என்று அப்போதுதான் முதன்முறையாகப் பயந்தேன். எழுந்து வெளியே ஓடிப் போன் போட்டேன்.

"மச்சான், அன்னைக்கு அந்தம்மா நல்லா இருக்குன்னு சொல்லல. ஒடனே டாக்டரப் பாக்கணும்னாங்க. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் அவர் மூச்சு மட்டும் கேட்டது. "தெரியும் மாப்ள. அவங்க மொகத்தப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ அப்புடிச் சொன்னதும், சரி, நம்பிக்கிருவோம்னு இருந்துட்டேன்."

"நாளைக்கு லீவு போடுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"டாக்டர் ரூமுக்குள்ளயும் வா. எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றார். "அவர் சொல்றத மட்டும் அப்புடியே சொல்லு."